கறிக்கோழி விலை தெரியும்... ஃபார்மலின் நெடி தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை கடைக்குக் கிளம்பும் முன் சிக்கன் விலையை போன்ல தட்டிப் பார்க்கிற ஆளா நீங்க? பண்ணைக் கொள்முதல் விலையை அறிவிப்பது பல்லடத்தில் இருக்கும் கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு. இப்போ விலையை விடுங்க. கோழி ஏற்றிப்போன பிறகு காலியாக நிற்கும் கொட்டகைக்குள் வாங்க.

நாற்பது நாள் சொச்சம் வளர்ந்த கோழிகள் லாரி ஏறியதும், கழிவை அள்ளி, கழுவி, சுண்ணாம்பு அடிப்பார்கள். அடுத்த பேட்ச் குஞ்சு இறங்குவதற்குள் கிருமி சாக வேண்டும். அதற்குப் பல பண்ணைகளில் ஃபார்மலின்தான். சிலர் தெளிப்பார்கள். சிலர் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோடு சேர்த்துப் புகை மூட்டுவார்கள். கண் எரியும், தொண்டை கமறும். ‘மருந்துன்னா அப்படித்தானுங்க’ என்று துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை நடக்கும்.

அந்த நெடி, ஃபார்மால்டிஹைடு வாயு. துண்டோ, சாதா மாஸ்க்கோ அதைத் தடுக்காது. வாயுவை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்தது. ரத்தப் புற்றுநோயும் வரும் என 2009-ல் சேர்த்தது. அதே ஆண்டு அமெரிக்காவில், சடலங்களைப் பதப்படுத்தும் தொழிலாளர்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. எத்தனை வருடம் அந்த வேலை செய்தார்களோ, அந்த அளவுக்கு மைலாய்ட் லுக்கீமியா மரணமும் கூடியிருந்தது.

ஒருநாள் மருந்து அடித்தவர் பதற வேண்டாம். வருடக் கணக்குதான் இங்கே விஷயம். அதனால் என் கவலையெல்லாம் பண்ணை பண்ணையாகப் போய் இதையே செய்கிறவரைப் பற்றித்தான். (சிக்கன் சாப்பிடுகிறவர்களுக்கு இதில் பயம் இல்லை. மருந்து அடிப்பது காலிக் கொட்டகையில்.)

கெமிக்கல் ஃபாக்டரியில் பென்சீனோடு புழங்குகிறவருக்குச் சட்டத்தில் ஒரு பிடியாவது உண்டு. பென்சீனால் வரும் நோய்கள், இழப்பீடு தரவேண்டிய தொழில்சார் நோய்ப் பட்டியலில் பெயரோடு இருக்கின்றன. இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் பண்ணைக்கு ஃபாக்டரி சட்டமே பொருந்தாது. குஞ்சும் தீவனமும் கம்பெனி தரும். பண்ணைக்காரருக்கு வளர்ப்புக் கூலி. மாஸ்க் யார் செலவு?

காரணமில்லாத அசதி, விட்டு விட்டுக் காய்ச்சல், ஈறில் ரத்தம், அடிபடாமலே கன்றிப்போன தோல்... இவை தொடர்ந்தால் முதலில் எடுக்க வேண்டியது சாதாரண ரத்த அணுக்கள் எண்ணிக்கை பரிசோதனை. உங்க வீட்டில் இந்த வேலைக்குப் போகிற அண்ணனோ மாமாவோ இருந்தால் இதைக் காட்டுங்க. டாக்டர் ‘என்ன வேலை?’ என்று கேட்டால், ‘கூலி வேலை’ என்று நிறுத்திவிடாமல், ‘கோழிப்பண்ணையில ஃபார்மலின் அடிக்கிறேன், இத்தனை வருஷமா’ என்று சொல்லச் சொல்லுங்க.