உடம்பு எப்போ ஏறும்?



புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகன் பாலிடெக்னிக் முடித்துவிட்டான், இன்னும் சில மாதங்களில் தேசிய சேவை. எடை 55 கிலோ. வீட்டுக்கு யார் வந்தாலும், "என்ன தம்பி, அம்மா சோறு போடுறதில்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் காப்பியை எடுக்கிறார்களாம். கேள்வி மகனுக்கு, குத்து அம்மாவுக்கு. பையன் ரோஷப்பட்டு ஜிம்மில் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. கண்ணாடியில் ஒரு மாற்றமும் இல்லை, விட்டுவிடப் போகிறேன் என்கிறான். "உடம்பு எப்போதான் ஏறும்?" என்று கேட்கிறார் அவர்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஒழுங்காகச் செய்து ஒழுங்காகச் சாப்பிட்டால் சுமார் மூன்று மாதத்தில் அவனுக்கே தெரியும். ஆறு மாதத்தில் காப்பி குடிக்க வருகிறவர்களுக்கும் தெரியும். சட்டை அளவு மாற ஓராண்டு பிடிக்கும். மாதம் அரைக் கிலோ தசை கூடினால் நல்ல வளர்ச்சி என்றே எடுத்துக்கொள்ளலாம். எட்டு வாரத்தில் பத்துக் கிலோ என்று விளம்பரம் வந்தால் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

ஐந்தாவது வாரத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று பையன் நினைப்பதுதான் தவறு. தொடக்கத்தில் வருவது பலம், பருமன் அல்ல. இருக்கிற தசையை முழுசாக வேலை வாங்க மூளையும் நரம்பும் முதல் சில வாரங்களில் கற்றுக்கொள்கின்றன. அந்த வேலை வெளியே தெரிவதில்லை. 1990இல் பாஸ்டனில் முதியோர் இல்லம் ஒன்றில், தொண்ணூறை ஒட்டிய வயதுடைய பத்துப் பேரை எட்டு வாரம் கால்களால் எடை தூக்க வைத்தார்கள். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொடைத் தசையின் அளவு கூடியதோ 9 விழுக்காடு. பலம் எவ்வளவு முன்னால் ஓடுகிறது பாருங்கள். (தாத்தா பாட்டிகளும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

பலத்துக்குப் பெரிய உடம்பு வேண்டும் என்பதும் இல்லை. நம் சிங்கப்பூர்ப் பளுதூக்கும் வீரர் டான் ஹோவ் லியாங்கை நினைத்துக்கொள்ளுங்கள். கே வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் பளுதூக்கும் போட்டியைப் பார்த்து ஆசைப்பட்டு இறங்கியவர். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் அவருக்குப் பதக்கம் இல்லை. 1958இல் கார்டிஃப் காமன்வெல்த் விளையாட்டில் தங்கம். 1960 ரோமில் வெள்ளி, சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் பதக்கம். அவர் போட்டியிட்டது 67.5 கிலோ எடைப் பிரிவில். ரோமில் மூன்று வகைத் தூக்கலிலும் சேர்த்துத் தூக்கியது 380 கிலோ. ஓர் ஈராக் வீரரும் அதே 380தான். ஆனால் நம்மவர் உடல் எடை குறைவு என்பதால் வெள்ளி இவருக்கு, வெண்கலம் அவருக்கு. ஒல்லியாக இருந்ததற்குப் பரிசு கிடைத்த கதை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்! 2024 டிசம்பரில், 91 வயதில் டான் ஹோவ் லியாங் மறைந்தார்.

தேசிய சேவைக்குப் போகிற பையனுக்கு இந்த நரம்புக் கணக்கு நேரடியாக உதவும். சேவைக்கு முந்திய உடலுறுதித் தேர்வில் தேறினால் சேவைக்காலத்தில் எட்டு வாரம் குறையும் என்பது ஏற்பாடு. ஐபிபிடி எனப்படும் அந்தத் தேர்வில் இப்போது புஷ்-அப், சிட்-அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம் மட்டுமே. ஒல்லிப் பையன்களையும் குண்டுப் பையன்களையும் ஒருசேர அழவைத்த 'சின்-அப்' 2015இல் போய்விட்டது. புஷ்-அப்பைப் பத்திலிருந்து முப்பதாக்கப் புஜம் பருக்க வேண்டியதில்லை. ஐந்து வாரத்துக்கு முன் எத்தனை எடுத்தான், இப்போது எத்தனை எடுக்கிறான் என்று மகனைக் கேட்டுப் பாருங்கள் அம்மா. கண்ணாடி காட்டாததை அந்த எண்ணிக்கை காட்டும்.

இன்னொன்று, கூடப் போகிற நண்பனோடு ஒப்பிட வேண்டாம். 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 585 பேர் பன்னிரண்டு வாரம் ஒரே பயிற்சியை, ஒரு கையால் மட்டும் செய்தார்கள். ஒருவருக்குக் கைத்தசை 59 விழுக்காடு வளர்ந்தது. வேறொருவருக்கு 2 விழுக்காடு குறைந்தே போயிருந்தது. சராசரி, ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. நண்பனின் கை அவன் அப்பா அம்மா கொடுத்தது.

இனி சாப்பாடு. "நல்லாத்தான் சாப்பிடுறான்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒல்லிப் பிள்ளை இருக்கிற எல்லா வீட்டிலும் இதைத்தான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை நாம் பார்க்கிறோம். புதன்கிழமை காலை வெறும் மைலோவோடு எல்ஆர்டியைப் பிடிக்க ஓடியதைப் பார்ப்பதில்லை. தசை வளர, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் புரதம் போதும் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். 55 கிலோவுக்கு 88 கிராம். மூன்று தோசையும் சட்னியும் பத்துக் கிராமைத் தொட்டால் பெரிது. இரவு ரசம் சோறும் அப்பளமும் அதைவிட மோசம். அதே தோசையோடு இரண்டு முட்டை வைத்தால் பன்னிரண்டு கிராம் கூடும். மத்தியானம் உணவங்காடியில் ஒரு தட்டு கோழிச்சோறு சுமார் 25. மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 14 வரும். சைவ வீடென்றால் ஈரச்சந்தையில் தெம்பே வாங்குங்கள், 100 கிராமில் 19 கிராம் புரதம் இருக்கிறது. நம்மவர்கள் தெம்பேயை ஏனோ மலாய்க் கடையோடு விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். மிளகாய்த்தூளில் புரட்டி வறுத்தால் சாம்பார் சாதத்துக்கு அதுபோல் இல்லை.

புரோட்டீன் பவுடர் விஷமல்ல, மருந்துமல்ல. ஒரு கரண்டியில் இருபது சொச்சம் கிராம் வரும், அவ்வளவுதான். சாப்பாட்டில் 88 வந்துவிட்டால் டின்னுக்குச் செலவழிக்கும் வெள்ளி மிச்சம். கூடவே சோற்றையும் குறைக்கச் சொல்லாதீர்கள். உடம்பு ஏற வேண்டியவனுக்கு மாவுச்சத்தும் வேண்டும்.

பயிற்சிக்கு வாரம் மூன்று நாள் போதும். உட்கார்ந்து எழுவது, தள்ளுவது, இழுப்பது இந்த மூன்றும் இருக்கட்டும், கைக்கு மட்டுமே செய்துகொண்டிருக்க வேண்டாம். புளோக்குக்குக் கீழே இருக்கும் உடற்பயிற்சிக் கம்பிகளிலேயே தொடங்கலாம். வாராவாரம் தூக்கும் எடையோ எண்ணிக்கையோ கொஞ்சமாவது கூட வேண்டும். கூடவில்லையென்றால் ஓராண்டு போனாலும் அதே உடம்புதான். அப்புறம் தூக்கம். இரவு இரண்டு மணிவரை கைப்பேசியில் கேம் ஆடுகிறவனிடம் தசையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

அழகுக்காக இவ்வளவா என்று சில அப்பாக்கள் முணுமுணுப்பது கேட்கிறது. அழகுக்கு மட்டுமல்ல. தெற்காசியர்களுக்கு மற்றவர்களைவிடத் தசை இயல்பாகவே குறைவு. சாப்பிட்ட சர்க்கரையில் கணிசமான பங்கைத் தசைதான் வாங்கிக்கொள்கிறது. இங்கே நம் வீடுகளில் நீரிழிவு எத்தனை பேருக்கு என்று எண்ணிப் பார்த்தால், கை மெலிந்து வயிறு மட்டும் முன்னால் வரும் நாற்பது வயது உடம்புக்கு இருபதிலேயே ஒரு பதில் தேடுவது வீண் வேலையாகத் தெரியாது. நன்றாகச் சாப்பிட்டும் எடை தானாகக் குறைந்துகொண்டே போகிற பிள்ளை என்றால் மட்டும் ஜிம்முக்கு முன் மருத்துவரிடம் போங்கள்.

புக்கிட் பாஞ்சாங்கிலோ வேறெங்கோ, ஓராண்டு விடாமல் செய்து உடம்பு ஏறியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் எழுதுங்கள். தொடங்கிய நாள் எடை, இப்போதைய எடை, தினமும் என்ன சாப்பிட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த அம்மாவின் மகனுக்கு என் பக்கத்தைவிட உங்கள் கடிதங்கள் அதிகம் உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்