யட்சிக்கு யார் வக்கீல்?

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், பத்மநாபசுவாமி கோயிலை நெருங்கும் முன்பே காதில் விழுவது தேங்காய் உடைபடும் சத்தம். பழவங்காடி கணபதி கோயில். பரீட்சைக்குப் போகும் மாணவனும் கோர்ட்டுக்குப் போகும் கட்சிக்காரரும் தடை நீங்க வேண்டிக்கொண்டு தேங்காயை வீசி உடைக்கிற இடம். இதை நிர்வகிப்பது தேவஸ்வம் போர்டு அல்ல, இந்திய ராணுவம். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கும் பிள்ளையாருக்கும் என்ன சம்பந்தம் என்று விசாரித்தால், பதிலாக வருவது ஒரு பேய்க்கதை.

திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரமாக இருந்த காலம். கோட்டையில் இரவுக் காவல் நாயர் படையின் பொறுப்பு. பக்கத்தில் ஒரு யட்சி. பாரா நின்ற சிப்பாய்களை அவள் நிம்மதியாக நிற்க விடவில்லை. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த சமஸ்தானம் அது. ஆனால் நள்ளிரவில் மல்லிகை வாசனை வந்தால் துப்பாக்கியால் என்ன பயன்? ஒருநாள் வள்ளியாற்றில் குளித்துக்கொண்டிருந்த சிப்பாய் ஒருவனின் கையில் சிறிய கணபதி விக்கிரகம் ஒன்று அகப்பட்டது. அதை வைத்துக்கொண்டு காவலுக்குப் போனான். அன்றிரவு யட்சி வரவில்லை, அதன் பிறகும் வரவில்லை. 1795-ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியபோது படையோடு பிள்ளையாரும் வந்து பழவங்காடியில் குடியேறினார். சுதந்திரத்துக்குப் பின் சமஸ்தானப் படை மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்தது. கோயிலும் கூடவே போயிற்று.

துப்பறியும் கதை வாசகர்களுக்கு இதில் ஒரு குறை தட்டுப்படும். பிரச்சினை தீர்ந்தது, ஆனால் வழக்கு விசாரிக்கப்படவே இல்லை. யார் அந்த யட்சி? ஏன் அங்கே வந்தாள்? ஒரு சிப்பாயும் கேட்கவில்லை. இங்கிலீஷ்காரர்களின் ஆவிக் கதைகளில் பேய் வருவதே தன்னைக் கொன்றவனைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தான். கேட்பவருக்குத் துப்புக் கொடுத்துவிட்டு அது அமைதியாகப் போய்விடும். நம் கதைகளில் பேயின் வாயை அடைப்பதுதான் நாயகனின் வேலை. அதற்கென்றே கேரளத்தில் கடமற்றத்துக் கத்தனார் என்று ஒரு பாதிரியார் கதைகளில் உலவுகிறார்.

பத்மநாபபுரத்து யட்சி யார் என்பதைக் கதை சொல்லவில்லை. ஆனால் அங்கிருந்து நாகர்கோவில் பக்கம் போனால், பெயரோடும் முகவரியோடும் இன்னொருத்தி இருக்கிறாள்: கள்ளியங்காட்டு நீலி. வில்லுப்பாட்டுக்காரர்கள் விடிய விடியப் பாடும் கதை இவளுடையது. நகைக்கு ஆசைப்பட்டுக் காட்டில் வைத்துக் காதலன் கொன்றுவிட்ட பெண் அவள். சுற்றிலும் கள்ளிச்செடிதான், வேறு சாட்சி இல்லை.

வடக்கே திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் சொல்லப்படும் நீலி கதையில் கொலைகாரன் கணவன். மறுபிறவியில் அவன் வணிகன். நீலி பேயாக அவனைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள், கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திக்கொண்டு எழுபது வேளாளர்கள் கூடிய சபையில் வழக்குத் தொடுக்கிறாள். 'இவர் என் கணவர், என்னை விட்டு ஓடுகிறார்' என்று அழுகிறாள். சபை நம்புகிறது. அவன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து அவளோடு அனுப்புகிறது. விடிந்தால் அவன் பிணம். வாக்குத் தவறியதற்காக எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள்.

துப்பறிவாளர், வாதி, வக்கீல், தண்டனை நிறைவேற்றுபவர் எல்லாம் அவளே. போலீசும் இல்லை, பிரைவேட் டிடெக்டிவும் இல்லை. செத்துப்போன பெண்ணின் கேஸை எடுத்து நடத்த வேறு ஆள் கிடைக்கவில்லை. கள்ளமற்ற எழுபது பேரைப் பலி வாங்கிய நீதி இது என்பதும் உண்மைதான். கதை அதை மறைக்கவில்லை. ஆனால் தமிழ் மொழி யார் பக்கம் சாய்ந்தது பாருங்கள். பொய்யழுகைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'நீலிக்கண்ணீர்'. சபையில் அவள் சொன்ன உறவு வேண்டுமானால் இந்தப் பிறவியில் பொய்யாக இருக்கலாம். அவன் அவளைக் கொன்றது பொய்யா? கொலைகாரனின் பெயரில் ஒரு பழமொழிகூட இல்லை.

பேயிடம் அவள் தரப்பு என்ன என்று கேட்ட துப்பறிவாளர் வெகு தாமதமாகத்தான் வந்தார், அதுவும் சினிமாவில். 1993-ல் பாசில் இயக்கிய மலையாளப் படம் 'மணிச்சித்ரதாழ்'. மது முட்டம் எழுதிய கதை. பூட்டிய அறைக்குள் தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்டு, வீட்டுக் காரணவரால் கொல்லப்பட்ட நாகவல்லி என்ற தமிழ் நடனக்காரியின் கதை கிடக்கிறது. வீட்டு மருமகள் கங்கா அவளாகவே மாறுகிறாள். சோபனாவுக்கு தேசிய விருது வாங்கித் தந்த வேடம். மோகன்லால் நடித்த மனநல மருத்துவர் டாக்டர் சன்னி, மந்திரவாதியையும் கூட வைத்துக்கொண்டு ஒரு வினோதமான சிகிச்சை செய்கிறார். நாகவல்லியை விரட்டவில்லை. அவள் பழிவாங்க வேண்டிய ஆளின் இடத்தில் ஒரு பொம்மையை வைத்து, வெட்ட விடுகிறார். வழக்கு தீர்ப்பாகிறது, ரத்தம் இல்லாமல். படத்தின் சில காட்சிகள் எடுக்கப்பட்ட இடம் பத்மநாபபுரம் அரண்மனை. சிப்பாய்களை யட்சி மிரட்டியதாகச் சொல்லப்படும் அதே ஊர்.

1956-ல் எல்லை வகுத்தபோது அந்த ஊர் தமிழ்நாட்டுக்கு வந்தது; அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடம். அந்தப் பக்கத்து மக்கள் தங்கள் யட்சிகளுக்கு விக்கிரகம் காட்டி விரட்டுவதோடு நின்றுவிடவில்லை. யட்சியை இசக்கி ஆக்கினார்கள், கையில் குழந்தையைக் கொடுத்தார்கள், கும்பிட்டார்கள். ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தலில், காற்றாலைகளுக்கு நடுவே இசக்கியம்மன் கோயில் இருக்கிறது. நீலியின் கதையை அங்கேயும் சொல்வார்கள். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள் தொட்டில் கட்டுகிறார்கள். பிறந்த பிள்ளைக்கு இசக்கிமுத்து என்று பெயர் வைக்கிறார்கள்.