தொட்டுச் சொன்னாலும் சொல்தான்



கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். ஆட்டிசம் உள்ள ஆறு வயது மகனுக்கு, படத்தைத் தொட்டால் குரல் கொடுக்கும் டேப்லெட் செயலியைப் பழக்கும்படி பேச்சுப் பயிற்சியாளர் சொன்னாராம். மாமியாருக்கு மனமில்லை. "அதுவே பேசிருச்சுன்னா பையன் எப்படி வாயத் தொறப்பான்?" என்கிறாராம். பல வீடுகளில் உள்ள கவலை இது.

உளவியல் ஆய்வுகள் இந்தக் கவலைக்கு இடம் தரவில்லை. அமெரிக்காவில் ஆய்வாளர் கோனி கசாரி குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள, மிகக் குறைவாகவே பேசும் 61 பிள்ளைகள் கலந்துகொண்டார்கள். வயது 5 முதல் 8 வரை. எல்லோருக்கும் விளையாட்டோடு சேர்ந்த ஒரே பயிற்சி. ஒரு பிரிவுக்கு மட்டும் குரல் தரும் கருவியும் உண்டு. வாயாலும் கருவியாலும் தாமாக முன்வந்து அதிகம் சொன்னவர்கள் அந்தப் பிரிவினரே. படங்களாலும் கருவிகளாலும் பிள்ளைகளின் பேச்சு குறைவதில்லை என்பதை வேறு ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. எல்லாக் குழந்தைகளுக்கும் பேச்சு வந்துவிடும் என்று வாக்குத் தர முடியாது. வராத குழந்தைக்கோ கருவி இன்னும் அவசியம்.

நம் சென்னையிலேயே அப்படியொரு கருவி பிறந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன், மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் அமைப்பின் பிள்ளைகளோடு பழகி உருவாக்கியது 'ஆவாஸ்'. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்காகத் தொடங்கியது, ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் கைகொடுத்தது. இன்று தமிழிலும் பேசுகிறது.

வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது. சோறு போடும்போது நீங்களும் 'சோறு' படத்தைத் தொட்டபடியே பேசுங்கள், குழந்தை பார்த்துத்தான் பழகும். 'தண்ணி', 'பிஸ்கட்' என்று கேட்கும் சொற்களோடு நிறுத்திவிடாதீர்கள். 'வேண்டாம்', 'வலிக்குது' இரண்டும் முதல் நாளிலிருந்தே திரையில் இருக்கட்டும். மறுக்கவும் வலியைச் சொல்லவும் முடியாத பிள்ளை அழுது புரண்டால், அதைப் பிடிவாதம் என்று சொல்வது அநியாயம். குறும்புக்குத் தண்டனையாகக் கருவியைப் பிடுங்கி வைப்பதும் அப்படித்தான். அது அந்தப் பிள்ளையின் வாய். டேப்லெட் வாங்க வசதியில்லையென்றால் அட்டையில் ஒட்டிய படங்களோடு இன்றே தொடங்கலாம்.

உறவினர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்தக் குழந்தை படத்தைத் தேடும்போது அவசரப்படுத்தாமல் காத்திருங்கள். சொல்லி முடித்ததும் அம்மாவிடம் திரும்பாமல், குழந்தையிடமே பதில் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்