பிரிக்கத் தெரிந்து கட்டுவோம்

ஸ்காபரோவில் 1796இல் முதன்முதலாகக் குடியேறிய ஐரோப்பியக் குடும்பத்தின் தலைவர் டேவிட் தொம்சன், ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஒரு கற்கொத்தர். மனைவி மேரி காணியைப் பார்த்துக்கொள்ள, அவர் இன்று ரொறன்ரோ ஆகிவிட்ட யோர்க் நகரில் கல்வேலை செய்தார். நாம் இன்று இங்கே செய்யும் தொழிலுக்கு இந்த மண்ணில் அவ்வளவு பழைய வேர் உண்டு.

அந்தத் தொழிலைப் படிக்க நம் ஊரிலேயே ஓர் இடமும் உண்டு: கில்ட் பூங்கா. 1932இல் கலைஞர் குடியிருப்பைத் தொடங்கிய ஸ்பென்சர், ரோசா கிளார்க் தம்பதியர், ரொறன்ரோ நகர மையத்தில் இடிக்கப்பட்ட கட்டடங்களின் கற்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். கிங், பே வீதிச் சந்தியில் நின்ற ரொறன்ரோ வங்கித் தலைமையகம் 1966இல் இடிக்கப்பட்டது. அதன் பளிங்குத் தூண்களும் கொரிந்தியப் போதிகைகளும் கட்டடக் கலைஞர் ரொன் தொம் வடிவமைத்த திறந்தவெளி அரங்காக 1980களின் தொடக்கத்தில் மீண்டும் எழுந்தன.

அதே சந்தியின் மறுமூலையில் 1975இல் ஃபெர்ஸ்ட் கனேடியன் பிளேஸ் உயர்ந்தது. அதன்மேல் போர்த்தப்பட்டது மெல்லிய கராரா பளிங்குத் தகடு. 2007இல் ஒரு தகடு உயரத்திலிருந்து கீழே விழுந்தது. சில ஆண்டுகளில் பளிங்கு முழுவதையும் கழற்றிக் கண்ணாடி பொருத்த வேண்டியதாயிற்று. அந்தக் கோபுரத்துக்காக இடித்த ரொறன்ரோ ஸ்டார் பத்திரிகைக் கட்டடத்தின் கற்களோ கில்ட் பூங்காவில் இன்னும் நிற்கின்றன. தடிப்பான பொளிகல் தன் பாரத்தைத் தானே தாங்கும்; பிரித்தெடுத்து வேறிடத்தில் மறுபடி அடுக்கலாம். மெல்லிய தகட்டுக்கு அந்த மறுவாழ்வு அரிது.

ஆனால் கல் மறுவாழ்வு பெறுவது கொத்தரின் கையில்தான் இருக்கிறது. முதலாவது, சாந்து. மணற்கல்லோ சுண்ணாம்புக்கல்லோ ஈரம் குடிக்கும். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் விரியும். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது, ஈரத்தை மூட்டு வழியே வெளியே விடும். பழைய மூட்டைக் கடும் சீமெந்தால் அடைத்தால் ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கி, சில குளிர்காலங்களில் கல்லின் முகம் உரிந்துவிடும். பின்னர் பிரிக்கப் போனால் சீமெந்தோடு கல்லின் விளிம்பும் பெயர்ந்து வரும். அழிய வேண்டியது மூட்டு, கல் அல்ல. சுண்ணாம்பு மெதுவாக இறுகும். 5 பாகைக்குக் கீழே குளிர் இறங்கும் காலத்தில் மூடிப் பாதுகாக்காமல் அந்த வேலையைத் தொடங்கக் கூடாது.

இரண்டாவது, படுகை. படிவுக்கல் குவாரியில் எப்படிக் கிடந்ததோ அப்படியே சுவரிலும் கிடக்க வேண்டும். படுகையைச் சுவர் முகத்துக்கு இணையாக நிறுத்தினால் கல் ஏடு ஏடாகக் கழலும். வளைவுக் கற்களில் படுகை அழுத்தத்துக்குச் செங்குத்தாகவும், முன்தள்ளிய கொடுங்கைக் கற்களில் சுவர் முகத்துக்குச் செங்குத்தாக நிமிர்ந்தும் இருக்க வேண்டும். மூன்றாவது, கவ்வி. வெறும் இரும்பு துருப்பிடித்துப் பருத்துக் கல்லைப் பிளக்கும். துருப்பிடிக்காத உருக்கே போட வேண்டும்.

நான்காவது, எண்ணிடுதல். இதை நம் மரபே அறிந்திருக்கிறது. கோயில் திருப்பணியில் ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டுப் பிரித்து, அத்திவாரத்தைச் சரிசெய்து, அதே வரிசையில் திரும்ப அடுக்குவார்கள். ஹவாயின் கவாய்த் தீவில் எழுந்த இறைவன் கோயிலின் கருங்கற்கள் பெங்களூருக்கு அருகே செதுக்கப்பட்டு, கடல் கடந்து சென்று அவ்வாறே பொருத்தப்பட்டன. அந்த ஒழுங்கை இங்குள்ள பழைய தேவாலயங்கள், வீடுகள், கடைகளின் சுவர்களுக்கும் நாம் கொண்டுவர வேண்டும்.

ஆகவே ஒப்பந்தக்காரர்களிடம் இந்த இதழ் கேட்பது இவை. கற்சுவர் திருத்த வேலைக்கு விலை கொடுக்கும்போது, எண்ணிடுதல், வரைபடம், சேமிப்பு ஆகியவற்றைத் தனித்தனி இனங்களாக எழுதுங்கள். மொத்தத் தொகைக்குள் மறைந்தால் முதலில் வெட்டப்படுவது அவைதான். எண்ணைக் கல்லின் முகத்தில் இடாமல் மேற்படுகையில் இடுங்கள். பழைய சாந்தைச் சோதிக்காமல் புதியதைக் குழைக்காதீர்கள். வீட்டு முகப்பில் ஒட்டும் மெல்லிய கற்போர்வையைக் கற்கட்டு என்று விற்காதீர்கள். இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள்.

இளம் கொத்தர்களைக் கட்டும் நாளில் மட்டுமன்றி, பிரிக்கும் நாளிலும் கூட வைத்திருங்கள். ஒரு சுவர் எப்படி நிற்கிறது என்பதை அதைக் கல் கல்லாகக் கழற்றும்போதுதான் கை முழுமையாகக் கற்றுக்கொள்கிறது. அந்தப் பயிற்சிக்கான கூலியும் விலைப்பட்டியலில் சேர வேண்டும்.