மூட்டை கட்டிப் போகாத ஐரோப்பா

கோலார் தங்கவயலின் பாலகாட்டிலோ ஊர்காமிலோ டீக்கடைப் பேச்சு உலக அரசியல் பக்கம் திரும்பினால் ஒரு தீர்ப்பு தவறாமல் வந்து விழும். உலகத்தை ஆட்டிவைப்பது அமெரிக்கா ஒன்றுதான். வெள்ளைக்காரன் கப்பலேறியதோடு ஐரோப்பாவின் கதை முடிந்தது. சென்னை, பெங்களூரு தொலைக்காட்சி விவாதங்களிலும் இதே பாட்டுதான். ஐரோப்பாவிடம் சொல்லிக்கொள்ளும்படி பட்டாளம் இல்லை, பெயர் சொல்ல ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி இல்லை, மிச்சம் இருப்பது தேவாலயக் கோபுரங்களும் சுற்றுலாப் பேருந்துகளும்தான் என்கிறார்கள். வேறு ஊர்க்காரர் சொன்னால் விட்டுவிடலாம். கோலார் தங்கவயல்காரர் சொல்வதற்குச் சொந்த ஊர்க் கணக்கே இடம் கொடுக்காது.

1902-ஐ எடுத்துக்கொள்வோம். காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து தங்கவயல் சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்த ஆண்டு அது. 147 கிலோமீட்டர் கம்பி. அன்றைய உலகின் மிக நீளமான மின்தடங்களில் ஒன்று. திட்டத்தை வகுத்தவர் கனடாவில் பிறந்து மைசூர் அரசில் பொறியாளராக இருந்த ஜோலி டி லோட்பினியர். பின்னால் நின்றவர் திவான் சேஷாத்ரி ஐயர். டர்பைன்கள் சுவிட்சர்லாந்தின் எஷர் விஸ் கம்பெனியுடையவை. மின்னாக்கிகள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் அனுப்பியவை. ஆக, தங்கவயலுக்கு வந்த அந்த மின்சாரத்துக்கே அமெரிக்காக்காரன் தயவு தேவைப்பட்டது. அதனால் அமெரிக்கா இங்கே எஜமான் ஆகிவிட்டதா? இல்லை. பாலகாட் உட்பட ஐந்து பெரிய சுரங்கங்களையும் லண்டனில் உட்கார்ந்து நடத்தியது ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ். லாபம் பிரிந்தது லண்டனில், தங்கக் கட்டி போய்ச் சேர்ந்ததும் லண்டனுக்கு. கல்லிலிருந்து பொன்னைப் பிரிக்கும் சயனைடு முறைகூட 1887-இல் கிளாஸ்கோவில் கண்டுபிடிக்கப்பட்டதுதான். மைசூர் அரசுக்குக் கிடைத்தது ராயல்டி. வடஆற்காட்டிலிருந்து வந்து குழிக்குள் இறங்கியவர்களுக்குக் கூலியும், நுரையீரல் நிறையப் பாறைத் தூசியும்.

அமெரிக்காவின் முறை பிறகு வந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. 1934-இல் ரூஸ்வெல்ட் ஓர் அவுன்ஸ் தங்கத்தை 35 டாலர் என்று கட்டினார். 1944-இல் பிரெட்டன் வுட்ஸ் மாநாடு அந்த முடிச்சை உலகம் முழுவதற்கும் போட்டது. 1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கும், 1962-இல் மத்திய அரசின் கைக்கும் வந்தன. கடைத்தெருவில் தங்கம் அதைவிட எவ்வளவோ கூடுதலாக விற்றபோதும், வயலின் பொன்னை அந்த வாஷிங்டன் விலைக்கே அரசு எடுத்துக்கொண்டது. 1971 ஆகஸ்ட் 15 அன்று நிக்சன் முடிச்சை அவிழ்த்தார்.

முடிச்சு அவிழ்ந்த பிறகு கயிறு யார் கையில் இருந்தது? ‘ஐரோப்பா அவ்வளவுதான்’ என்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

1991-இல் இந்தியாவின் கஜானா காலியானபோது கடன் பேச்சு வாஷிங்டனில் நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அடகுத் தங்கம் எங்கே போனது? ரிசர்வ் வங்கி விமானத்தில் ஏற்றிய 46.91 டன்னும் போய் இறங்கியது பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் பெட்டகத்தில். அதற்குச் சில வாரம் முன்பு ஸ்டேட் பாங்க் வழியாக 20 டன் போனது ஒரு சுவிஸ் வங்கிக்கு.

அடுத்த கதை தங்கவயலையே நேராகத் தொட்டது. 1999 மே மாதம், கையிருப்புத் தங்கத்தில் பாதிக்கு மேல் ஏலம் விடப்போவதாக பிரிட்டன் அறிவித்தது. மொத்தம் 395 டன் போனது. சுவிட்சர்லாந்தும் 1,300 டன்னை விற்கத் தயாராக நின்றது. விலை ஓர் அவுன்ஸ் 252 டாலர் அளவுக்குச் சரிந்தது. இருபது ஆண்டுகளில் காணாத தாழ்வு. பீதி பரவியதும் அந்தச் செப்டம்பரில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று: ஆண்டுக்கு 400 டன்னுக்கு மேல் விற்பதில்லை, ஐந்து ஆண்டுகளுக்கு. அதன் பெயர் வாஷிங்டன் ஒப்பந்தம். கையெழுத்திட்ட 15 மத்திய வங்கிகளும் ஐரோப்பிய வங்கிகள், அமெரிக்கா அதில் இல்லவே இல்லை. பன்னாட்டு நிதியத்தின் கூட்டத்துக்கு வந்த இடத்தில் கூடிப் பேசிக்கொண்டார்கள், அவ்வளவுதான். உலகத் தங்க விலைக்குக் கடிவாளம் போட்டவர்கள் ஃபிராங்க்ஃபர்ட்டிலும் லண்டனிலும் பெர்னிலும் இருந்தார்கள்.

தங்கவயல் சுரங்கங்களை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டபோது விலை 260 டாலரைச் சுற்றியே கிடந்தது. ஐரோப்பிய வங்கிகள்தான் சுரங்கத்தை மூடின என்று சொன்னால் அது பொய். தாது தேய்ந்திருந்தது, சாம்பியன் ரீஃபில் குழி மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிருந்தது, ஒரு கிராம் எடுக்க ஆகும் செலவு விற்பனை விலையைத் தாண்டிப் பல காலமாகியிருந்தது, டெல்லியின் மெத்தனமும் சேர்ந்துகொண்டது. ஆனால் சாகக் கிடந்தவன் தலைமாட்டில் நின்றவர்களைக் கணக்கெடுத்தால் அதில் அமெரிக்காக்காரனைவிட ஐரோப்பாக்காரன்தான் அதிகம்.

வேலை போன வீடுகளின் பிள்ளைகள் இன்று விடியற்காலையில் மாரிகுப்பம் ரயிலேறி பெங்களூரு போகிறார்கள். பெட்டியில் கைமாறும் சார்ஜரைப் பார்த்தால் போதும். ஆப்பிள் என்ற அமெரிக்கக் கம்பெனி ஆண்டுக்கணக்கில் பிடிவாதமாகத் தன் தனிமுனையை வைத்திருந்தது. எல்லாப் போனுக்கும் டைப்-சி என்று 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டது. 2023-இல் வந்த ஐபோன் 15 அடங்கிப்போய் டைப்-சி போட்டுக்கொண்டது. ரயிலடியில் நிற்கும் ஆட்டோவின் புகைக்கு அளவு சொல்லும் பாரத் ஸ்டேஜ் விதிகள் யூரோ விதிகளை அடியொற்றி எழுதப்பட்டவை. பிரஸ்ஸல்ஸில் எழுதும் சட்டம் யார் வாக்கும் இல்லாமல் ஊருலகத்துக்குச் சட்டமாகிவிடுகிறது என்று அனு பிராட்ஃபோர்ட் என்ற சட்டப் பேராசிரியர் ஒரு நூலே எழுதியிருக்கிறார். பாடம் நடத்துவதோ நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில்.

அதற்காக, அமெரிக்கா சாய்ந்தது ஐரோப்பா எழுந்தது என்று பட்டாசு கொளுத்தவும் வேண்டாம். 2025 ஜூலையில் டிரம்ப்பின் 15 சதவீத வரியை ஸ்காட்லாந்தில் அவருடைய கோல்ஃப் மைதானத்துக்கே போய் ஒப்புக்கொண்டு வந்தவர் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர்தான். ரஷ்யாவுக்கு எதிராக நிற்கக்கூட அமெரிக்க ஆயுதத்தை எதிர்பார்க்கும் நிலை. ஆனால் அடுத்த மாதமே, ஒரு கிலோ தங்கக் கட்டிக்கும் வரி உண்டு என்று அமெரிக்கச் சுங்கத் துறை சொல்லப்போக, பெரும்பாலும் சுவிஸ் ஆலைகளில் வார்க்கப்படும் அந்தக் கட்டிகளை நம்பியிருந்த நியூயார்க் சந்தையே தடுமாறியது. சில நாளில் தங்கத்துக்கு வரி கிடையாது என்று டிரம்ப்பே எழுத வேண்டியதாயிற்று.

தங்கவயலில் இப்போதைய பேச்சு, பொன் பிரித்தபின் மிஞ்சிய மண் குவிந்த சயனைடு மேடுகளைப் பற்றியது. அவற்றில் 13 மேடுகளை மறுபடி அலசிப் பொன் எடுக்கும் திட்டத்துக்கு 2024-இல் கர்நாடக அமைச்சரவை இசைந்தது. வேலை வருமா, காற்றில் பறக்கும் அந்தச் சாம்பல் நிற மண் இன்னும் அதிகம் பறக்குமா என்பதுதான் தொழிலாளர் லைன் வீடுகளில் கேட்கும் கேள்வி. அலசுவது கட்டுபடியாகுமா என்பதைத் தீர்மானிக்கும் விலை டாலரில் சொல்லப்படுகிறது. அதைச் சொல்லும் ஏலமோ நாளுக்கு இருமுறை, லண்டன் நேரம் காலை பத்தரைக்கும் பிற்பகல் மூன்றுக்கும் நடக்கிறது. ஐரோப்பாவுக்குள் தங்கம் இறக்குமதி செய்பவர் 2021 முதல் அது எந்த மண்ணிலிருந்து, எந்தச் சூழலில் வந்தது என்று விசாரித்துக்கொள்ள வேண்டும் என்பதும் பிரஸ்ஸல்ஸ் போட்ட விதி. மேடுகளைக் குத்தகைக்கு எடுக்கப்போகும் கம்பெனி வெள்ளை மாளிகையின் அறிவிப்புகளோடு இந்த இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டுத்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்.