நரிக்குக் கொம்பு உண்டா?



ஒரு சிறுவனிடம் தாளும் பென்சிலும் கொடுத்து, நரி ஒன்று வரையச் சொல்லுங்கள். கூர்மூக்கும் கள்ளச் சிரிப்புமாக ஓர் உருவத்தை நொடியில் வரைந்துவிடுவான். காகத்தை ஏமாற்றி வடையைக் கவர்ந்த நரி அது. பாடப்புத்தகத்தில் பிறந்து அங்கேயே வாழ்வது. உயிருள்ள நரியை அவனும் பார்த்ததில்லை. கதை சொன்ன நாமும் பெரும்பாலும் பார்த்ததில்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையேறிக் கரியாலூர் செல்வோர், அருவியையும் படகுக் குழாமையும் கண்டு களித்துத் திரும்புகின்றனர். அந்திப் பொழுதிலோ, ஃபஜ்ருத் தொழுகைக்குப் பிந்தைய மங்கிய ஒளியிலோ மலைச்சாரலையும் அடிவாரப் புதர்வெளிகளையும் பொறுமையாக நோக்குவோர் மிகச் சிலரே. நரிகள் நடமாடும் நேரம் அதுவே.

நாம் நரி என்று பொதுவாக அழைப்பவை உண்மையில் இரண்டு. ஊளையிடும் பொன்னிற நரி, நடுத்தர நாயின் அளவுடையது. எடை எட்டு முதல் பத்து கிலோ வரை இருக்கும். வங்காநரி எனப்படும் குள்ளநரியோ மூன்று கிலோ அளவே உள்ள சிற்றுயிர். அதன் அடர்ந்த வால் உடல் நீளத்தில் பாதிக்கு மேல் இருக்கும், நுனி கறுத்திருக்கும். அடர்காட்டை விடுத்துப் புதர் நிறைந்த திறந்தவெளியில் வளை தோண்டி வாழும். எலி, வெட்டுக்கிளி, கறையான், பழங்கள் ஆகியவை அதன் உணவு. அவ்வகையில் அது உழவனுக்கு உதவியாளன். வரைய விரும்புவோர் காற்று தம்மை நோக்கி வீசும் திசையில், வளைக்கு வெகு தொலைவில் அசையாது அமர வேண்டும். முதலில் காதைக் கவனிக்கட்டும். இரையின் சிற்றொலிக்கும் அது திரும்பும் விதத்தில் அவ்விலங்கின் இயல்பு முழுதும் தெரியும்.

இவ்வாறு நேரில் கண்டு வரைந்த மேதை, முகலாய மன்னர் ஜஹாங்கீரின் அவையில் இருந்த உஸ்தாத் மன்சூர். 1621இல் வரிக்குதிரை ஒன்று அரசவைக்கு வந்தது. வரிகளை எவரேனும் தீட்டியிருப்பரோ என்ற ஐயம் எழவே, நன்கு சோதித்து, அது இயற்கை நிறமே எனத் தெளிந்ததை மன்னர் தம் நினைவுக் குறிப்பில் பதிந்துள்ளார். அதனை மன்சூர் தீட்டிய ஓவியம் இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. சோதித்தறிந்த பின்னரே ஏற்கும் அந்த மனப்பாங்கு நம் இல்லங்களுக்கும் தேவை.

உயிரினங்களை வரைவது பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தவிர்க்கும் குடும்பத்துப் பிள்ளைகள் நரியின் காலடித் தடத்தையும் வளையையும் புதர்களையும் வரையலாம். கண்டதை எழுதி வைக்கலாம். படைப்பினங்களை உற்று நோக்குவதில் எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. ஒட்டகம் எவ்வாறு படைக்கப்பட்டுள்ளது என்று பார்க்குமாறு திருமறையின் 88ஆம் அத்தியாயமே நம்மை அழைக்கின்றதன்றோ?

பாராததன் விளைவு என்ன? கல்வராயன் மலைக்கு மேற்கே, சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்துச் சிற்றூர்கள் சிலவற்றில், பொங்கலையொட்டி வங்காநரியைப் பிடித்து வந்து ஓடவிடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமென வனத்துறை தடுத்து, அபராதமும் விதித்துள்ளது. அவ்விலங்கு இணைசேர்ந்து குட்டியீனும் காலத்தை நெருங்கும் பருவம் அது.

ஆனால் அயலாரைச் சுட்டுமுன் நம் வீட்டுப் பெட்டிகளையும் திறந்து பார்ப்போம். செல்வம் சேரும், கண்ணேறு கழியும் என்று நம்பி நரிக்கொம்பு வாங்கி வைத்திருப்போர் நம்மிலும் உளர். நாய், ஓநாய், நரி ஆகிய இனங்களில் எதற்குமே கொம்பு முளைப்பதில்லை. இல்லாத கொம்புக்காக ஓர் உயிர் கொல்லப்படுகிறது. நம் பணம் பறிபோகிறது. அனைத்துக்கும் மேலாக, நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டப்படியே என்னும் ஈமானில் கறை படிகிறது. நரியின் தலையை ஒரு முறை உற்று நோக்கி வரைந்த பிள்ளையிடம் எந்த வியாபாரியும் நரிக்கொம்பை விற்க முடியாது.

ஆகவே பெற்றோர்களே! அடுத்த விடுமுறையில் மலைக்குச் செல்லும்போது பிள்ளைகளின் கையில் ஒரு வெற்றேடும் பென்சிலும் கொடுங்கள். நரி தென்படாமலும் போகலாம்; ஆயினும் பார்க்கும் பழக்கம் அவர்களிடம் நிலைக்கும். தன் படைப்புகளைக் கண்ணால் கண்டு, கருத்தால் உணரும் பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.