முகம் மாறினால் என்ன?

இங்கிலாந்தில் பி.பி.சி. தொலைக்காட்சி 1963இல் தொடங்கிய அறிவியல் புனைகதைத் தொடர் 'டாக்டர் ஹூ'. நாயகனை மாற்றியதால்தான் அது பிழைத்தது! நோயால் தளர்ந்த வில்லியம் ஹார்ட்னல் 1966இல் விலகியபோது, வேற்றுலகவாசியான டாக்டர் சாகும் தறுவாயில் புது உடல் பெறுவார் என்று கதையையே வளைத்தனர். பாட்ரிக் டிரௌட்டன் வந்தார், தொடர் நிலைத்தது.

2017இல் அந்த இடத்துக்கு முதன்முறையாக ஒரு பெண், ஜோடி விட்டேக்கர், என்று அறிவித்ததும் இரசிகர் சிலர் கொதித்தெழுந்தனர். முன்பு டாக்டராக நடித்த பீட்டர் டேவிசன்கூட, சிறுவர்களுக்கு ஒரு முன்மாதிரி போகிறதே என்றார். கவலை புரிகிறது. ஆனால் அரை நூற்றாண்டாகச் சிறுமியர் ஆண் டாக்டரைத்தானே முன்மாதிரியாகக் கொண்டனர்? முகம், குரல், வயது எல்லாம் மாறலாம். பால் மட்டும் மாறக்கூடாதாம்! அவர் காலத்துக் கதைகள் சில சோர்வானவைதாம். அதற்கு எழுதியவரைக் கேட்காமல், நடித்தவரை ஏசுவானேன்?